16 வரிகளிலும் "ரேங்க் 0, மொத்தம் 1": கிளஸ்டரில் பட்ட அனுபவங்கள்

முதல் பதிவு

ஆய்வு மாணவனாக இருந்தபோது, கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினித் தொகுப்பில்) ஓட்டுவதற்காக, வெப்பப் பரவல் சமன்பாட்டைத் தீர்க்கும் சி நிரலை எம்பிஐ (ஒரே கணக்கைப் பல பிராசஸ்கள், அதாவது நிரலின் ஓடும் படிகள், செய்தி பரிமாறிப் பங்கிட்டுச் செய்ய உதவும் MPI தரநிலை) கொண்டு எழுதி, அதற்கான எம்பிஐசிசி வழியே கம்பைல் செய்து, பிராசஸ்களைத் தொடங்கிவைக்கும் எம்பிஐரன்னுக்கு 16 என்று கொடுத்து ஓட்டினேன். விடை சரியாகவே வந்தது. நேரம்தான் ஒரு நொடிகூடக் குறையவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, நம் கணக்குக்கு இணைநிரல் உதவாது என்று நெறியாளரிடம் சொல்லியும் விட்டேன். அதன் பிறகுதான், ஒவ்வொரு பிராசஸும் தன் ரேங்க் எண்ணையும் (0 முதல் 15 வரை வரவேண்டிய வரிசை எண்) மொத்த எண்ணிக்கையையும் அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தேன். திரையில் 16 வரிகள் விழுந்தன. அத்தனையிலும் "ரேங்க் 0, மொத்தம் 1". கம்பைல் செய்தது ஓபன் எம்பிஐ என்ற தொகுப்பு. பாத் வரிசையில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் வரிசை) முந்தி நின்ற எம்பிஐரன்னோ எம்பிச் என்ற வேறொரு எம்பிஐ தொகுப்பினுடையது. 16 பிராசஸ்களும் ஒன்றையொன்று அறியாமல் முழுக் கணக்கையும் தனித்தனியே போட்டு, ஒரே கோப்பின் மேல் எழுதியிருக்கின்றன. நெறியாளரிடம் சொன்னதைத் திரும்பப் பெற்ற அந்த ஐந்து நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி 1

உங்களுக்கு விடையாவது வந்தது. என் நிரலில் பக்கத்துப் பிராசஸ்கள் இரண்டுமே முதலில் செண்ட் (செய்தி அனுப்பு), பிறகு ரிசீவ் (செய்தி பெறு) என்று இருந்தன. சிறிய கட்டத்தில் (கணக்கிடும் புள்ளிகளின் வலையில்) பழுதின்றி ஓடியதை நம்பி, பெரிய கட்டத்தை வெள்ளிக்கிழமை மாலை வேலைகளுக்கு முறை ஒதுக்கும் ஸ்லர்ம் வரிசையில் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அங்கிருந்து செயலியின் பளுவைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தபோதெல்லாம் கோர்கள் (செயலியின் கணக்கிடும் கூறுகள்) 100 விழுக்காட்டில் ஓடின, நிம்மதியாகத் தூங்கினேன். திங்களன்று வெளியீட்டுக் கோப்பு காலி. சிறிய செய்தியை எம்பிஐ தானே வாங்கி வைத்துக்கொள்கிறது; பெரியதென்றால் மறுமுனை ரிசீவுக்கு வரும்வரை செண்ட் திரும்புவதில்லை; ஆக இரண்டும் செண்டிலேயே நின்றுவிட்டன. அந்தக் காத்திருப்பிலும், செய்தி வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் கோர் உழைப்பதுபோலவே தெரிகிறது. இதை எம்பிஐயின் பிழை என்றே சொல்வேன்.

மறுமொழி 2

நண்பரே, பிழை எம்பிஐயுடையது அன்று. செண்ட் செய்தியை வாங்கி வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம் என்பது 1994இல் வந்த முதல் தரநிலையிலேயே உள்ளது. என் கதை சிறியது: லாகின் நோடில் (கிளஸ்டருக்குள் நுழையும் கணினியில்) மார்ச் நேட்டிவ் (-march=native, அந்தக் கணினியின் செயலிக்கே ஏற்ப ஆக்கு) கொடுத்துக் கம்பைல் செய்த நிரல், பழைய செயலியுள்ள நோடில் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" (செயலி அறியாத ஆணை) என்று உடனே செத்தது.

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். செண்ட் உள்ள இடமெல்லாம் எஸ்செண்ட் (செய்தி சிறியதானாலும் மறுமுனை ரிசீவுக்கு வரும்வரை காத்திருக்கும் செண்ட்) என்று மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். ஒளிந்திருக்கும் முட்டுக்கட்டை சிறிய கட்டத்திலேயே வெளிப்படும், பிறகு அனுப்புவதையும் பெறுவதையும் ஒன்றாகச் செய்யும் செண்ட்ரிசீவ் கொண்டு திருத்திக்கொள்ளலாம். முதல் பதிவர், எல்டிடி கட்டளையால் நிரல் எந்த எம்பிஐ நூலகத்தோடு இணைந்துள்ளது என்றும், விச் கட்டளையால் எம்பிஐரன் எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். ஓபன்எம்பி (ஓபன் எம்பிஐ அன்று; ஒரு பிராசஸுக்குள்ளேயே வேலையைத் திரெட்கள் என்னும் இழைகளாகப் பிரிக்கும் முறை) கலந்த நிரலானால் திரெட் எண்ணிக்கையையும் குறித்துக் கொடுங்கள். 16 கோர் நோடில் 16 பிராசஸும் ஆளுக்கு 16 திரெட் திறந்தால் 256 திரெட்கள் முட்டிக்கொள்ளும்.

மறுமொழி 3 (மறுமொழி 1 எழுதியவர்)

எஸ்செண்ட் போட்டுப் பார்த்தேன். சிறிய கட்டமும் முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. ஆனாலும், எம்பிஐ பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறுவதாக இல்லை.