முகூர்த்தப் பட்டில் மஞ்சள் கறை, அரக்குச் சாயம் ஓடாமல் எடுப்பது எப்படி?

திருபுவனம் பட்டு, சந்தன நிற உடல், அரக்கு பார்டர், கோர்வை நெசவு (உடலையும் பார்டரையும் தனித்தனி நிற இழையில் கோத்து நெய்வது). ஆவணியில் கும்பகோணத்தில் கல்யாணம். ஈரத் தாலிக்கயிற்றின் மஞ்சள் மார்புப் பக்கம் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் படிந்திருக்கிறது. கறையின் ஒரு ஓரம் பார்டரைத் தொட்டுக்கொண்டு நிற்பதுதான் சிக்கலே.

முதலில் பெட்ரோல் வாஷ் கொடுத்தோம். எண்ணெய்ப் பிசுக்கு போனது, மஞ்சள் போகவில்லை. ஷாம்பு நீர் ஒற்றியதும் கறை செங்கல் நிறமானது (காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்). ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகரைப் பத்து ஸ்பூன் தண்ணீரில் கலந்து ஒற்ற, மறுபடி மஞ்சளுக்கு வந்தது, அவ்வளவுதான். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை உட்பக்கம் பஞ்சால் ஒற்றினால் மஞ்சள் கொஞ்சம் பஞ்சில் ஏறுகிறது, ஆனால் பார்டரருகே அரக்கும் கூடவே வருகிறது. குளோரின் ப்ளீச் பட்டு இழையையே அரிக்கும், அதனால் தொடவில்லை. வெயிலில் மஞ்சள் வெளுக்கும்தான்; ஐப்பசி அடைமழையில் வெயிலுக்கு எங்கே போக? காய்ந்தாலும் அரக்கும் சேர்ந்து மங்கும்.

இப்போது வெள்ளை மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். ஜரிகை கறுக்கவில்லை.

பார்டர் சாயம் ஓடாமல் இந்த மஞ்சளை மட்டும் எடுக்க, செய்து பார்த்தவர்கள் என்ன முறை சொல்வீர்கள்?