ட்ரெய்லர் ஆடுகிறதா? ஹிட்ச் கடைக்கு முன்னால் எடை மேடைக்குப் போங்கள்

டெக்ஸாஸில் பிக்கப் வைத்திருக்கும் நம்மாட்கள் ட்ரெய்லர் வாங்கியதும் முதலில் கேட்பது, "எந்த ஸ்வே கன்ட்ரோல் நல்லது?" என்பதைத்தான். ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதைத் தடுக்கும் கருவிதான் அது. என்னைக் கேட்டால் எடையும் ஹிட்ச்சும் (வண்டியோடு ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) முதலில், இது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

எங்களுடையது 28 அடி கேம்பிங் ட்ரெய்லர், இழுப்பது அரை டன் பிக்கப் (அது வண்டி வகையின் பெயர்தான், இழுக்கும் எடை இல்லை). விற்றவர்கள் ட்ரெய்லரை மாட்டும் ஒரு பந்தையும், உரசி ஆட்டத்தைத் தடுக்கும் ஒரு ஃப்ரிக்‌ஷன் பாரையும் மாட்டி, "போதும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அமரில்லோ தாண்டி இன்டர்ஸ்டேட் 40-இல் பக்கக் காற்று. பெரிய லாரி ஒன்று முந்தும்போது முதலில் எங்களை ஓரமாகத் தள்ளியது, பிறகு தன் பக்கம் இழுத்தது. அப்போது ஆட ஆரம்பித்த ட்ரெய்லர் லாரி போன பிறகும் நிற்கவில்லை. "என்னங்க, பின்னாடி இப்படி ஆடுது?" என்றாள் மனைவி. ஆக்சிலரேட்டரை விட்டேன், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன், பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கை நெம்புகோலை மெதுவாக அழுத்தினேன். ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் பிரேக் பிடித்தால் பின்பக்கம் தானாக நேராகும். பயத்தில் காலால் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் இன்னும் கூடும்.

அடுத்த ட்ரக் ஸ்டாப்பில் இருந்த CAT ஸ்கேல் என்ற எடை மேடையில் ஏற்றினோம். ட்ரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை. ட்ரெய்லர் மொத்தம் 6,900 பவுண்டு, அதில் பந்தின் மேல் இறங்கும் டங் வெயிட் வெறும் 550. அதாவது 8 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். காரணம் தேட வேண்டியதே இல்லை. அச்சுக்குப் பின்னால் இருக்கும் 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது, அதுவே 330 பவுண்டு. பின் பம்பரில் சைக்கிள்கள் வேறு. தண்ணீரை இறக்கி, சைக்கிள்களைப் பிக்கப்புக்கு மாற்றி, அரிசி மூட்டை, குக்கர் எல்லாவற்றையும் முன்பக்க அலமாரிக்குத் தள்ளியதும் டங் வெயிட் 780-க்கு வந்தது. ஆட்டம் பாதிக்கு மேல் அங்கேயே அடங்கிவிட்டது.

ஆனால் 780 பவுண்டு பின்னால் அழுத்தினால் முன் அச்சு தூக்கிக்கொள்ளும். எங்களுக்கு முன்னால் 300 பவுண்டுக்கு மேல் குறைந்து, ஸ்டீயரிங் மிதந்தது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இதற்குத்தான். அதன் ஸ்ப்ரிங் பார்கள் அந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். முன் சக்கரத்துக்கு மேல் ஃபெண்டர் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டே பார்களைப் பிடிக்கும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக மாற்றிப் பாருங்கள். ட்ரெய்லர் மாட்டியதால் உயர்ந்ததில் பாதி இறங்கினால் போதும் என்கிறது எங்கள் வண்டியின் கையேடு. பார் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்பது கடைக்காரர் பேச்சு. உங்கள் டங் வெயிட்டுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். வண்டியின் பின்னால் ஹிட்ச் செருகும் ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படியுங்கள். பல அரை டன் வண்டிகளில் 5,000 பவுண்டுக்கு மேல் இழுக்க இந்த ஹிட்ச் வேண்டும் என்று அதிலேயே இருக்கும்.

சரி, இப்போது ஸ்வே கன்ட்ரோல். ஃப்ரிக்‌ஷன் பார் சின்ன ட்ரெய்லருக்குச் சரி. ரிவர்ஸ் எடுத்து வளைக்கும் முன் அதைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் பார் வளைந்துவிடும். நாங்கள் மாற்றியது ஸ்ப்ரிங் பாரே ஃப்ரேமில் உரசி ஆட்டத்தைத் தடுக்கும் நான்கு முனை வகை. கேம்ப்கிரவுண்டில் திரும்பும்போது கிறீச்சென்று ஊரை எழுப்பும், அவ்வளவுதான். ஹூஸ்டன் நண்பர் ஒருவர் ஹென்ஸ்லி வகை ஹிட்ச் வைத்திருக்கிறார். இணைப்புக் கம்பிகள் ட்ரெய்லர் திரும்பும் புள்ளியை வண்டியின் பின் அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவதால் லாரி முந்துவதே தெரியாது என்கிறார். விலை கண்ணைக் கட்டும், மாட்டப் பொறுமையும் வேண்டும். 30 அடிக்கு மேல் அடிக்கடி இழுப்பவருக்கு அது வீண் செலவு இல்லை.

ஃபிஃப்த் வீலுக்கு (பிக்கப்பின் சாமான் தட்டிலேயே மாட்டும் ட்ரெய்லர்) மாறலாமா என்று கேட்பவர்களுக்கு: எடை பின் அச்சின் மேலேயே உட்காருவதால் ஆட்டம் வெகு குறைவு. ஆனால் ட்ரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை வண்டியே சுமக்க வேண்டும். வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று சொல்லும் பேலோட் ஸ்டிக்கர் ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு விலை பேசப் போங்கள்.