கலைச்சொல்: சீலன்ட் = அடைப்பான்?

வணக்கம். குளியல் தொட்டிக்கு வடிகால் பொருத்தும் கையேட்டில் சீலன்ட்டுக்கு (தண்ணீர் கசியாமல் இருக்க இணைப்பில் வைக்கும் பொருள்) "அடைப்பான்" என்று போட்டிருக்கிறோம். அது மாட்டுக்கு வரும் நோயின் பெயர். தண்ணீரை நிறுத்தும் மூடியையும் அப்படிச் சொல்கிறோம். "மூட்டுப்பசை" என்று மாற்றலாமா?

> "மூட்டுப்பசை" என்று மாற்றலாமா?

பசை என்றால் ஒட்டவேண்டும். சீலன்ட்டில் ஒரு வகையான பிளம்பர் புட்டி, பிசைந்த மாவு மாதிரி இருப்பது, ஒட்டுவதில்லை. சுண்டுவிரல் கனத்துக்குத் திரியாக உருட்டி, வடிகால் வாயின் விளிம்புக்கு அடியில் சுற்றி வைத்துத் திருகுகிறோம். மிகுதி பிதுங்கி வரும், வழித்து எடுத்துவிடலாம். பின்னாளில் கழற்றுவதும் சுலபம். இன்னொரு வகையான சிலிக்கான் ஒட்டிப் பிடித்து ரப்பர் மாதிரி ஆகிவிடும், கத்தி வைத்துத்தான் அறுக்கவேண்டும். இரண்டுக்கும் பொதுவாக "கசிவடைப்பி" என்று வைத்து, "இறுகும்", "இறுகாத" என்று பிரிப்பதே சரி. பிரிக்காவிட்டால் அக்ரிலிக் தொட்டியில் எண்ணெய் கலந்த புட்டியை வைத்துவிடுவார்கள், நாளடைவில் விரிசல் விடலாம். சலவைக்கல் என்றால் எண்ணெய் ஊறிக் கறை பிடிக்கும். இரண்டு இடத்திலும் சிலிக்கான்தான். கல்லுக்குப் புளிவாடை அடிக்காத வகை.

புட்டிக்கு "மக்கு" இருக்கிறதே?

அது தச்சருடையது, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. இது காயவே கூடாது.

இன்னொன்று. 4ஆம் படியில் சிலிக்கான் "உலரும் வரை காத்திருக்கவும்" என்று இருக்கிறது. அது உலர்வதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் கெட்டியாகிறது. அரைமணிக்குள் மேலே ஏடு கட்டிவிடும். அதைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று தண்ணீர் விட்டால் கசியும்; உள்ளேயும் கெட்டியாக 24 மணி நேரம் விடவேண்டும். உலர்ந்திருக்கவேண்டியது தடவும் பரப்பு. பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது என்பதையும் அங்கேயே சேர்த்துவிடலாம்.

கேஸ்கெட்டுக்கு (இணைப்பின் நடுவே வைக்கும் ரப்பர் வளையம்) "அடைவளையம்" இருக்கட்டும். தொட்டிக்கு அடியில், தொட்டிக்கும் முழங்கைக் குழாய்க்கும் நடுவே வருவது. "கசிவடைப்பி தடவாமல்" என்று தெளிவாகப் போடுங்கள். தடவினால் திருகும்போது வழுக்கி ஒரு பக்கமாகப் பிதுங்கிவிடும்.

> "இறுகும்", "இறுகாத" என்று பிரிப்பதே சரி

எனக்கு இதில்தான் தயக்கம். பக்கத்துக்குப் பக்கம் "திருகை இறுக்கவும்" என்று வருகிறது. நடுவில் "இறுகும் வரை" என்று எழுதினால் ஸ்பானரை எடுத்துவிடுவார்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் புட்டி முழுக்க வெளியே வந்து, விளிம்பு வெறும் தொட்டிமேல் உட்கார்ந்துவிடும். "கெட்டிப்படும் கசிவடைப்பி", "கெட்டிப்படாத கசிவடைப்பி" என்று திருத்தி அனுப்புகிறேன்.