மழைக்காலத்தில் இறால், நண்டு மாறுவது ஏன்?

அடையாறுவாசி: காசிமேட்டில் வாராவாரம் வாங்குகிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் கிடைக்கிற இறால், நண்டு எல்லாம் மாறிவிடுகிறதே, ஏன்?

பழவேற்காட்டான்: அண்ணே, எல்லாம் உப்புதான். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாக எங்கள் பழவேற்காடு உப்புநீர் ஏரிக்குள் வந்து வளரும், அப்புறம் வடகிழக்கு மழையில் நல்ல தண்ணீர் இறங்கி ஏரியில் உப்பு குறையும்போது வளர்ந்தவை கூட்டமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த நேரம் முகத்துவாரத்தில் வலை போட்டால் யோகம்தான். மணல் மூடிக்கொண்டால் உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. சேற்று நண்டிலும் பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குத்தான் போகும்.

அடையாறுவாசி: சரி, கோடையில் வரத்து குறைகிறதே, அதுவும் உப்பாலா?

கோவளம்_வலை: இல்லைங்க, அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, நாட்டுப்படகில் வருவதுதான். வயிற்றில் முட்டை ஒட்டியிருக்கிற நண்டை எந்த மாதமும் வாங்காதீங்க. ஆரஞ்சு நிற முட்டை கறுத்துவிட்டால் பொரிக்கப் போகிறது என்று அர்த்தம். அமுக்கினால் ஓடு அமுங்குகிறதா, அது புதிதாகத் தோல் உரித்த தண்ணி நண்டு, உள்ளே சதையே இருக்காது!