மறுமொழி: பறவைத் துப்பாக்கித் தொகுப்பும் ‘கால வழுவமைதி’யும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இன்று செய்த ஒரு பழங்கால நகல், அது காட்டும் காலத்துக்குச் சரியாகப் பொருந்துவதைக் குறிக்கத் தமிழில் என்ன சொல் என்று சென்ற வாரம் இந்தச் சொல்லாக்கக் குழுவில் கேட்டிருந்தேன். நான்கு பரிந்துரைகள் வந்தன: நம்பகத்தன்மை, அசல்தன்மை, உண்மைத்தன்மை, மெய்ம்மை. நான்கையும் என் கட்டுரையில் வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு, நான் வாங்க எண்ணியிருக்கும் துப்பாக்கியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் வாத்து, காடை போன்ற பறவைகளைச் சுடுவதற்கென்றே நீண்ட குழல் கொண்ட துப்பாக்கிகள் இருந்தன. குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் கிடையாது, வழவழப்பாக இருக்கும். ஒரு கைப்பிடி ஈய ரவையும் போடலாம், ஒற்றை ஈயக்குண்டும் போடலாம். நான் பார்த்து வைத்திருப்பது 20ஆம் எண் துளை. ஒரு பவுண்டு ஈயத்தை இருபது சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அதுவே அந்தத் துளையின் அகலம், ஏறக்குறைய 0.615 அங்குலம். இதை நான் ‘பறவைத் துப்பாக்கி’ என்றே எழுதுகிறேன். ஈழத்து நண்பர்கள் ‘பறவைத் துவக்கு’ என்று எழுதினால் இன்னும் அழகாக இருக்கும்.

இங்கே பென்சில்வேனியாவில் இதைப் பாகங்களாகவே விற்கிறார்கள். குழல், சுடும் பொறி, குழலைத் தாங்கும், முக்கால்வாசி செதுக்கிய மரக்கட்டை, பித்தளை அணிகள் எல்லாம் ஒரு பெட்டியில் வந்துவிடும். இதைத்தான் ‘தொகுப்பு’ என்கிறேன். உளியும் அரமும் பிடித்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து, நாம்தான் முடிக்க வேண்டும். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் இத்தகைய நகல்களை 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழம்பொருள் வகையில் சேர்த்திருப்பதால், கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. மாநிலச் சட்டங்கள் தனி.

சுடும் பொறியின் பெயரை இந்தக் குழு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். சுத்தியல் போல அடிக்கும் ‘குதிரை’ என்ற உறுப்பின் வாயில் கவ்விய சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி சிந்துகிறது. கிண்ணத்தில் இருக்கும் மருந்து பற்றி, பக்கத்துத் துளை வழியாகக் குழலுக்குள் தீ போகிறது. ‘லாக்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே ‘பூட்டு’ என்று பெயர்த்தால் கதவுதான் நினைவுக்கு வரும். ‘பொறி’ என்ற சொல்லில் தீப்பொறியும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. ஆகவே ‘கற்பொறித் துப்பாக்கி’. திரியால் பற்றுவது ‘திரிப்பொறி’. இதைவிடச் சிறந்த சொல் எனக்குத் தோன்றவில்லை.

சிக்கல் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது.

‘நம்பகத்தன்மை’ என்றால் ஒவ்வொரு முறையும் தவறாமல் சுடுவது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். மழைச்சாரலில் பற்றாமல் போகும் துப்பாக்கி நம்பகமற்றது. ஆனால் 1750ஆம் ஆண்டை வைத்துப் பார்த்தால் அப்படிப் பற்றாமல் போவதுதான் சரி. ‘அசல்’ என்று சொல்லவே முடியாது, பெட்டியில் வருவது போன வருடம் செய்தது. ‘உண்மைத்தன்மை’ அலுவலகங்களில் சான்றிதழைச் சரிபார்க்கும் சொல்லாக ஊன்றிவிட்டது. ‘மெய்ம்மை’யைத் தத்துவத்துக்கே விட்டுவிடுவோம்.

நமக்குப் பெயர் தேவைப்படுவது வேறொரு பண்புக்கு. இன்று செய்த ஒரு பொருள், நாம் குறிப்பிடும் ஆண்டில், குறிப்பிடும் ஊரில், ஒரு கொல்லரின் பட்டறை மேசையில் கிடந்திருக்க முடியுமா என்ற கேள்வி அது. ஐந்து வருடங்களுக்கு முன் நான் முதன்முதலில் ஒரு கற்பொறித் துப்பாக்கி வாங்கினேன். ‘1750களின் துல்லிய நகல்’ என்று விளம்பரத்தில் இருந்தது. மகிழ்ச்சியோடு பழங்கால உடையும் கருவியுமாக வாழ்ந்து பார்க்கும் ஒரு முகாமுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த முதியவர் ஒருவர் கையில் வாங்கி, எஃகுத் தகட்டின் வில்லில் (ஸ்பிரிங்) இருந்த சிறு உருளையைக் காட்டி, “இது உங்கள் ஆண்டுக்குப் பிறகு வந்தது” என்றார். தகடு வேகமாகத் திறப்பதற்காக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ந்த உறுப்பு அது. அவர் கண்டது என்ன என்பதற்கு அன்று என்னிடம் தமிழ்ச் சொல் இல்லை. அந்தக் குறை இன்றுவரை என்னை விடவில்லை.

சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிலும் தவறு நேரும் என்று நன்னூல் வகுக்கிறது. தவறு வழு, தவறாதது வழாநிலை. ‘நேற்று வருவான்’ என்பது கால வழு என்று பள்ளியில் படித்தோம். 1750ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் பின்னாளைய உருளை இருப்பதும் அதே பிழைதான்: சொல்லில் அல்லாமல் பொருளில் நேர்ந்த கால வழு. அந்த ஆண்டுக்கு முழுதும் ஒத்த துப்பாக்கி ‘கால வழாநிலை’ உடையது.

இதோடு நின்றிருந்தால் ‘காலப்பிழை’ என்ற எளிய சொல்லே போதும் என்று விட்டிருப்பேன். என்னை ஈர்த்தது மூன்றாவது சொல். வழுவமைதி: வழுவே ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது.

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் வழு இல்லாமல் இராது. அக்காலக் குழல் இரும்புத் தகட்டைச் சுருட்டி, நீளவாக்கில் அடித்து இணைத்தது. இன்றைய குழல் எஃகுத் தண்டில் துளையிட்டது. அன்றைய பொறியின் உறுப்புகள் அடித்துச் செய்தவை. இன்றையவை பெரும்பாலும் மெழுகு வார்ப்பில் வருகின்றன, சுவாமிமலைச் சிற்பிகள் நன்கறிந்த அதே முறை. கன்னத்துக்கு அருகில் மருந்து வெடிக்கும்போது இணைப்பு விட்டுப்போகாத குழல் வேண்டும் என்பதால் எஃகை ஏற்கிறோம். வழுதான், ஆனால் காரணத்தோடு ஏற்ற வழு. நன்னூலும் காலம் பிறழ்ந்து வருவதை அப்படியே விட்டுவிடவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று காரணம் கேட்கிறது. ‘அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன்’ என்று நாம் சொல்வது அந்தத் தெளிவினால்தான்.

காரணம் கேட்கும் இந்தக் குணம்தான் நமக்கு வேண்டும். இத்துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு சாக்கு உண்டு: “அன்று கிடைத்திருந்தால் அவர்களும் இதைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள்.” இதை ஒப்புக்கொண்டால் எதுவும் வழு ஆகாது. ‘கால வழுவமைதி’ என்று பெயர் வைத்துவிட்டால், அமைதிக்குக் காரணம் என்ன என்று உடனே கேட்கலாம். தீ போகும் துளையில் துருப்பிடிக்காத எஃகால் செய்த சிறு உட்குழாயை, ‘குப்பி’ என்பேன், திருகி வைக்கிறார்கள். அந்த எஃகு 20ஆம் நூற்றாண்டின் சரக்கு. சற்று விரைவாகப் பற்றும் என்பதுதான் பெரும்பாலும் சொல்லும் காரணம். வெறும் துளையே நன்றாகப் பற்றும், சரியான உயரத்தில் போட்டால் போதும். ஆகவே என் கணக்கில் அது அமைதி பெறாத வழு. குழலைக் கட்டையோடு ஆணிகளால் கோக்காமல் திருகாணிகளால் பிணைப்பதும் அப்படித்தான்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஆண்டு சரியாக இருக்கும், ஆனால் பாகங்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆங்கிலேயர் பெரும்பாலும் வால்நட் மரத்தில் கட்டை செய்தார்கள். அமெரிக்கக் கொல்லர்கள் மேப்பிளும் செர்ரியும் எடுத்தார்கள். விற்பவர்கள் புலிவரி ஓடும் மேப்பிளைக் கூடுதல் விலைக்குக் காட்டுவார்கள், கண்ணைப் பறிக்கும். அதை லண்டன் பாணித் துப்பாக்கிக்குப் போட்டால் காலம் பிசகவில்லை, மரபு பிசகுகிறது. யானை மேய்ப்பவனை இடையன் என்று அழைப்பதைப் போன்ற மரபு வழு. ஆனால் நியூ இங்கிலாந்தில் உடைந்த பழைய துப்பாக்கிகளின் குழலையும் பொறியையும் எடுத்து, உள்ளூர் மரத்தில் புதுக் கட்டை போட்டு உண்மையாகவே பயன்படுத்தினார்கள். பிரெஞ்சுக் குழலும் ஆங்கிலப் பொறியும் ஒன்றாக அமர்ந்த துப்பாக்கிகள் அங்கே உண்டு. அங்கே அந்தக் கலப்பே மரபு, ஆகவே மரபு வழுவமைதி. அதை எல்லாக் கலப்புக்கும் கேடயமாகப் பிடிக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை ஒரே சொல்லில் காட்ட நம் இலக்கணம் இடம் கொடுக்கிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

மறுப்புகள் வரும் என்று தெரியும். இலக்கண மாணவர் குழம்புவார் என்று ஐயா ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கணினித் தமிழில் மென்பொருள் பிழையை ‘வழு’ என்று எழுதத் தொடங்கியபோதும் இதே கவலை இருந்திருக்கும். இன்று அதைப் படிக்கும் எவரும் நன்னூலைத் தேடி ஓடுவதில்லை. சூழல் பொருளைக் காட்டிக்கொடுக்கும். ‘வழாநிலை’ நாவில் கடினம் என்ற மற்றொரு கருத்தை ஏற்கிறேன். விற்பனைக் குறிப்புகளில் ‘காலப்பொருத்தம்’ என்று எளிதாக எழுதிக்கொண்டு, வாதிடும் இடத்தில் மட்டும் வழாநிலை என்று எழுதலாம். ஆனால் ‘இட வழு’ என்று நாட்டுப் பிசகைக் குறிக்க ஒருவர் கேட்டிருந்தார். அது வேண்டாம். இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை. மரபு வழுவே அந்த வேலையைச் செய்துவிடும்.

என் கணக்கை முடித்துக்கொள்ள: 1755ஆம் ஆண்டு, ஆங்கிலப் பாணி, வால்நட் கட்டை, முகம் உருண்டு புடைத்த பொறித்தட்டு, உருளை இல்லாத வில், வெறும் துளை, ஆணியால் கோத்த குழல். எஃகுக் குழலும் வார்ப்புப் பொறியும் கால வழுவமைதி. விற்பவர் துளைக் குப்பி பொருத்திய குழலைத்தான் அனுப்புவேன் என்கிறார். குப்பி இல்லாத குழலுக்கு நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டுமாம். காத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டேன்.

சொற்பட்டியலில் கால வழு, கால வழாநிலை, கால வழுவமைதி, மரபு வழு ஆகிய நான்கையும் சேர்க்கக் கோருகிறேன். நகைத் துறையிலோ கோயில் புதுப்பிப்பிலோ பணியாற்றுகிறவர்கள் இதே பொருளுக்கு வேறு சொல் புழங்கினால், அருள்கூர்ந்து எழுதுங்கள். அது இதைவிட நல்ல சொல்லாக இருந்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.