பனி இறங்கிய பிறகு தோட்டத்தில் நடந்தது: உங்கள் அனுபவங்கள்

வாய்க்கால்கரை (மயிலாடுதுறை பக்கம்):

மார்கழி பிறந்த முதல் வாரம் நடந்தது. யாரிடம் சொன்னாலும் "இதில் என்ன இருக்கிறது" என்கிறார்கள். எனக்குத்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

எங்கள் மாட்டுக் கொட்டில் கூரையில் பரங்கிக்கொடி ஏறியிருந்தது. கோலத்தில் வைக்கப் பூ வேண்டும் என்றால் தெருவில் உள்ளவர்கள் ராத்திரியே சொல்லிவைத்துவிடுவார்கள். அன்றைக்கு விடியும் முன்னால் வாசல் தெளிக்க வந்தேன். பனிமூட்டத்தில் கொட்டில் ஓரமாக ஒரு வயதான அம்மா. துண்டை முக்காடாகப் போட்டிருந்தார். நான் யாரென்று கேட்பதற்குள், "பூவுக்குத்தான் தாயி. பிஞ்சுப் பூவைத் தொடமாட்டேன்" என்றார்.

அவர் பறித்த விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு பூவுக்கும் அடியில் கட்டைவிரலை விட்டுத் தடவுகிறார். காம்பு நீளமாக, வெறுமனே இருந்தால் கிள்ளுகிறார். குட்டியாகக் காய் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடுகிறார். பூவுக்குள் எறும்பு இருந்தால் ஊதிவிட்டுத்தான் மடியில் போட்டுக்கொண்டார். கடைசியாகக் கிள்ளிய பூவில் இதழை எல்லாம் உரித்தெறிந்துவிட்டு, நடுவில் இருந்த மஞ்சள் தண்டைப் பக்கத்திலிருந்த பிஞ்சுப் பூவுக்குள் விட்டு மெதுவாகச் சுற்றித் தேய்த்தார். "இந்தப் பனியில வண்டு நேரங்கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள இது மூடிக்கும்." அவ்வளவுதான், போய்விட்டார்.

கோலம் போட்டு முடித்துத் தெருவை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன். எந்த வாசலிலும் சாணி உருண்டை மேல் பரங்கிப் பூ இல்லை. மேலத்தெருவிலும் இல்லை, பிள்ளையார் கோயில் வாசலிலும் இல்லை. அப்படி ஒரு அம்மா தங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அவர் தேய்த்த பூ பிடித்துக்கொண்டது, பொங்கல் குழம்புக்கு அந்தக் காயைத்தான் இளசாக அறுத்தோம். மடி நிறையக் கொண்டுபோன பூ எங்கே போயிற்று?


அவரைப்பந்தல் (திருவையாறு):

பக்கத்து ஊரில் மகள் வீட்டுக்கு வந்தவராக இருக்கும். பெரிசாக யோசிக்காதீர்கள்.

எங்கள் கொல்லையில் இருப்பது ஓரம் சிவந்த அவரை, மாமியார் காலத்து விதை. ஆடியில் போட்டால் ஐப்பசி வரை இலையாகவே படரும். பகல் நன்றாகக் குறைந்தால்தான் அதற்குப் பூ வைக்கவே மனசு வரும். விவரம் தெரியாதவர்கள் புரட்டாசியிலேயே மலட்டுக்கொடி என்று அறுத்துப் போட்டுவிடுகிறார்கள். கார்த்திகையில் முதல் பறிப்பு. முறத்தில் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டிருந்தேன்.

டிவிஎஸ் வண்டியில் கீரை கொண்டுவரும் தம்பி வந்தார். முளைக்கீரைக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வண்டியை அணைத்தார். எந்த வீட்டு வாசலிலும் அவர் வண்டியை அணைத்து நான் பார்த்ததில்லை. ஒரு காயை எடுத்து ஒடித்தார், மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை மூடிக்கொண்டார். "இதுல விதை இருக்குமாக்கா?" அவ்வளவுதான் கேட்டார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடுப்புச் சாம்பல் கலந்து பாட்டிலில் போட்டுவைத்த போன வருஷத்து விதையில் ஒரு கைப்பிடி கொடுத்தேன். சாம்பலைத் தட்டக்கூட இல்லை, அப்படியே வெள்ளைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். கீரைக்குக் காசு வாங்காமலே போய்விட்டார்.

இப்போது கீரைக்கு வேறு ஆள் வருகிறார். அவரைக் கேட்டால், "அந்தண்ணன் சிங்கப்பூர் போயிட்டாருங்க" என்கிறார். விதையை யார் போட்டார்கள், பந்தல் போட இடம் இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை.


பழைய மிராசு (பாபநாசம்):

முதலில் எழுதிய சகோதரிக்கு. அந்த அம்மா செய்ததில் மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூதான் முதலில் வரும், எண்ணிக்கையிலும் அதுதான் அதிகம். விடிவதற்குள் விரியும், வெயில் ஏறும்போது சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. ஆனால் ஆண் பூதானே என்று எல்லாவற்றையும் கோலத்துக்குப் பறிக்கவும் கூடாது. கொடிக்கு நாலைந்தாவது விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் வண்டு எதிலிருந்து எதற்குக் கொண்டுபோகும்? மழை பெய்து பூவுக்குள் தண்ணீர் நின்றால் மகரந்தம் வீணாகிவிடும். அடைமழை நாட்களில் முந்தின சாயங்காலமே, மறுநாள் விரியப்போகும் ஆண் பூ, பெண் பூ இரண்டின் நுனியையும் நூலால் தளர்வாகக் கட்டிவையுங்கள். காலையில் அவிழ்த்து, கையால் மகரந்தம் வைத்து, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் பூ பிடிக்கவில்லை என்று அர்த்தம், செய்வினை இல்லை. கொட்டில் பக்கம் என்கிறீர்கள், சாணி உரம் அதிகமாக இருக்கும். அதிகமானால் கொடிதான் ஓடும், காய் நிற்காது.

அவரை போட்டிருக்கும் சகோதரிக்கு. பனி தொடங்கியதும் கொழுந்தில் கறுப்பாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கும். எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். அசுவினி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், அதைத் தின்ன வரும் பொறிவண்டை அண்டவிடாது. பந்தல் காலில் எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும் தெளிக்க வேண்டும். சாம்பல் தூவுகிறவர்கள் காலைப் பனி ஈரத்தோடு தூவினால்தான் ஒட்டும். அப்படித் தூவிய காயை நன்றாகக் கழுவுங்கள்.

என் அனுபவம் என்று பார்த்தால், போன கார்த்திகையில் என் பந்தல் பூவை மயில் முழுக்கத் தின்றுவிட்டது. கையைத் தட்டினேன். தோகையை விரித்துக் காட்டிவிட்டு மறுபடி தின்றது.


அவரைப்பந்தல் (திருவையாறு):

ஐயா, அசுவினி இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்?


உப்புக்காற்று (வேதாரண்யம் பக்கம்):

மயில் கதைக்குச் சிரித்துவிட்டேன். என்னுடையது சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். அது எங்களை என்ன செய்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை போனது, மா போனது, வாசல் முருங்கையும் வேரோடு படுத்துவிட்டது. படுத்த மரத்தில் கீரை மட்டும் பச்சையாக இருந்தது. வாட ஆரம்பிக்கும் வரை மூன்று வீட்டுக்கும் அந்தக் கீரைதான் குழம்பு, அந்தக் கீரைதான் பொரியல்.

அடுத்த வாரமே கார்த்திகை தீபம். கரண்ட் இல்லை. கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். இந்த வருஷம் விளக்கு வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். என் மாமியார் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. உடையாமல் தப்பித்த அகல்களைப் பொறுக்கி, போட்டது போட்டபடி இருந்த ஓடுகளின் மேல் வரிசையாக வைத்துவிட்டார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த வீடு. எண்ணெய் யாரிடமும் அதிகம் இல்லை. திரியை ஒல்லியாகத் திரித்தோம்.

எங்கள் வாசலுக்கு எதிரே கம்பத்தின் உச்சியில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். இருட்டிவிட்டதால் கீழே நின்றவர் இறங்கச் சொல்லிக் கத்துகிறார். இவர் இறங்கவில்லை. இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, இங்கேருந்து பார்த்தா இப்பத்தான் ஊரு எதுவரைக்கும்னு தெரியுது!" என்று சத்தம் போட்டார். பகலில் விழுந்த மரங்களுக்கு நடுவே எந்த வீடு எங்கே என்றே அவர்களுக்குப் புரியவில்லையாம். இறங்கி வந்ததும் பொரி உருண்டை கொடுத்தோம். வெல்லம் பழசு, பாகு சரியாக வரவில்லை, கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது. உள்ளங்கையில் கொட்டித்தான் சாப்பிட்டார். அவர் எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னார், மறந்துவிட்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

படுத்துக்கிடந்த முருங்கையிலிருந்து ஒரு போத்து வெட்டி, நுனியில் சாணி அப்பி, அந்த வாரமே நட்டோம்.


மாடித்தோட்டம் (தஞ்சாவூர்):

மேலே இருப்பதைப் படித்த பிறகு என் கதை சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் காவலாளி தினமும் தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்கு வருவார். ஒருநாள் சமையலுக்கு வைத்திருந்த தனியாவில் கொஞ்சம் கேட்டார். ஏதோ கஷாயத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். தரையில் கொட்டி, செருப்பால் லேசாக ஒரு தேய். ஒவ்வொரு தனியாவும் இரண்டாகப் பிளந்தது, ஒன்றுகூட நொறுங்கவில்லை. அந்தச் செருப்பின் அழுத்தத்தைத்தான் சொல்ல வருகிறேன், கையால் செய்தாலும் அவ்வளவு பதமாக வராது. மூலையில் கிடந்த உடைந்த பக்கெட்டில் மண்ணை நிரப்பித் தூவினார். "பனிக் காலத்துல போடாம மல்லிய வேற எப்பம்மா போடறது, வெயில்ல போட்டா சீக்கிரமே பூத்துரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கொத்தமல்லி அடர்த்தியாக வந்தது. பறிக்கும் பருவத்தில் அந்தக் காவலாளியை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். துவையல் அரைத்த அன்று யாரிடம் கொடுத்தனுப்புவது என்றே தெரியவில்லை.


களத்துமேடு (மன்னார்குடி):

எலிக்கு மூங்கில் பொறி வைக்கும் கிட்டிக்காரர் கதை யாரும் எழுதவில்லையே. சம்பா நெல் கதிர் விடுவதற்கு முன் பொதி கட்டும் சமயம், வயலில் தண்ணீர் நின்றால் எலி எங்கே போகும்? வரப்புக்கு, அப்புறம் நம் கொல்லைக்கு. பொங்கலுக்கென்று விட்டுவைத்த சர்க்கரைவள்ளியைக் கீழிருந்தே தின்றுவிட்டு, கொடியை மட்டும் மேலே நமக்காக விட்டுவைக்கும். வயலில் கிட்டி வைக்க வந்தவரை அப்படியே கொல்லைக்கும் கூப்பிட்டேன். மூங்கில் கிட்டிக் கட்டைத் தோளிலிருந்து இறக்காமலே சுற்றிப் பார்த்தார். மூன்று வளை இருந்தது. மூன்றையும் ஈரமண்ணால் அடைத்துவிட்டு, "காலையில வர்றேன்" என்று போய்விட்டார்.

காலையில் ஒரு வளை மட்டும் திறந்திருந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தார். வாயிலில் எலி தள்ளிய மண் இல்லை. ஈரமண்ணில் விரல் அகலத்துக்கும் மேலே ஒரே சீராக, வழவழவென்று ஒரு தடம் விறகு அடுக்கு வரை போயிருந்தது. அவர் எழுந்து கிட்டிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இங்க ஒங்களுக்கு ஏற்கெனவே ஆளு வேலை பாக்குதுங்க. நான் எதுக்கு?" கூலியும் வாங்கவில்லை.

அந்த வருஷம் கிழங்கு கிடைத்தது உண்மை. ஆனால் விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் ஒருமுறை இருமிவிட்டுத்தான் போகிறேன்.


பழைய மிராசு (பாபநாசம்):

களத்துமேடு அவர்களுக்கு. பாம்புக்குக் காற்றில் வரும் சத்தம் சரியாகக் கேட்காது, இருமிப் பயனில்லை. காலால் தரையைத் தட்டிக்கொண்டு போங்கள், அதிர்வு தெரிந்து ஒதுங்கும். சாரையாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம். நல்லபாம்பும் எலி வளைக்குள் போகும். விறகைச் சுவரை ஒட்டி அடுக்காமல், தரையிலிருந்து தூக்கி, கல் மேல் அடுக்குங்கள். டார்ச் இல்லாமல் விடியற்காலையில் அந்தப் பக்கம் போகவே கூடாது. வயலில் ஆந்தை உட்கார ஆங்காங்கே குச்சி நடுங்கள், ராத்திரியில் எலியை அது பார்த்துக்கொள்ளும்.

வேதாரண்யம் சகோதரிக்கு. முருங்கைப் போத்தை அடைமழையில் நடுவது தவறு. அடி அழுகிவிடும். மழை ஓய்ந்து, மாசிக்கு மேல் நட்டிருக்க வேண்டும்.


உப்புக்காற்று (வேதாரண்யம் பக்கம்):

ஐயா, ஐப்பசிக் கடைசியில் மரத்தைச் சாய்த்த புயல், போத்தை மாசி வரை எங்கே வைத்துக்கொள்ளச் சொன்னது? உங்கள் ஊர்க் களிமண்ணுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். எங்களுடையது மணல், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. போத்து அழுகவில்லை. நேற்று சாம்பாருக்குக்கூட அதில்தான் காய் பறித்தேன்.