ஊர்ப் படிப்பகத்தில் எதை அடைப்பது, எதைத் திறந்து விடுவது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

கோத்தகிரி

எங்கள் ஹட்டிப் (படகர் ஊர்) படிப்பகத்தில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு வைஃபை. பகலில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், சாயந்திரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆபாசத் தளங்கள் வரக்கூடாது. அதற்காகப் பெரியவர்கள் படிப்பதையும் சேர்த்துப் பூட்டக்கூடாது. செய்து பார்த்ததில் எது நின்றது, எது சொதப்பியது?

குன்னூர்

வார்த்தைப் பட்டியல் கொடுத்து அடைக்கும் மென்பொருளை முதலில் விட்டுவிடுங்கள் அண்ணா. தமிழுக்கு அது ஒத்தே வராது. ‘குடி’ என்று போட்டால் குடிநீர், குடியரசு, பழங்குடி எல்லாம் அடைபடும். நம் மலையில் பழங்குடி என்று தேட முடியாத படிப்பகம் எதற்கு? முழுச்சொல்லை மட்டும் பிடி என்று மாற்றினால், வேற்றுமை உருபு சேர்ந்ததும் அதே சொல் தப்பிவிடும். ‘தற்கொலை’யை அடைத்தால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கும் பக்கமும் சேர்ந்து போகும். ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழையோ அது தொடவே தொடாது.

டிஎன்எஸ் வழி மேல். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை அது, அடைக்க வேண்டிய தளத்துக்கு முகவரி தராது. ரௌட்டரில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் எண்களைப் போடுங்கள்: முதல் எண் 1.1.1.3, இரண்டாவது 1.0.0.3. ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் தடைபடும். இரண்டாவது இடத்தில் எதையும் அடைக்காத கூகுளின் பழைய 8.8.8.8 அப்படியே இருந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. தளம் தேடும் கேள்விகளில் ஒரு பகுதி அந்த வழியாகப் போய்விடும். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி ஓடுகிற இணைப்பில் அதற்குரிய முகவரியையும் மாற்ற வேண்டும். குரோமில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ஸை அணையுங்கள், இல்லாவிட்டால் அது ரௌட்டரைத் தாண்டி வேறு டிஎன்எஸ்ஸிடம் போகலாம். பிள்ளைகளின் விண்டோஸ் கணக்கு அட்மின் கணக்காக இருக்கக்கூடாது, இருந்தால் எண்ணை அவர்களே மாற்றிவிடுவார்கள்.

ஒரு கம்ப்யூட்டரைப் பெரியவர்களுக்கு ஒதுக்கி, அதில் மட்டும் 1.1.1.2 என்று கையால் போடுங்கள். அது வைரஸ் தளங்களை மட்டும் நிறுத்தும். கணக்கு வாரியாகப் பிரிக்க முடியாது. விண்டோஸில் டிஎன்எஸ் எண் இயந்திரம் முழுவதற்கும் ஒன்றுதான்.

இதுவும் தவறும். 2020 ஏப்ரல் 1 அன்று இந்தச் சேவை தொடங்கிய நாளிலேயே தன்பாலின ஈர்ப்பாளர், மாற்றுப் பாலினத்தவருக்கான நல்ல தளங்கள் சில தவறாக அடைபட்டன. கிளவுட்ஃபிளேர் நிறுவனமே பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியது. அதனால் ‘இந்தத் தளம் திறக்கவில்லை’ என்று எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். கேட்பவர் பெயர் வேண்டாம். மாதவிடாய் பற்றிப் படிக்க வந்த பெண்பிள்ளை பெயர் எழுதச் சொன்னால் கேட்கவே மாட்டாள். இரண்டு பேர் பார்த்து, இரண்டு நாளுக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும்.

கூடலூர்

படிப்பகத்துக்கு இது சரி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் ஒரே போன். கொழுந்தெடுத்துவிட்டு அம்மா வந்ததும் மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். பிள்ளைகளின் போனைக் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க், பிள்ளைக்கென்று தனிக் கணக்கும் தனிப் போனும் இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். அம்மாவின் கணக்கில் பார்க்கிறவரை யூடியூபுக்கு அந்தக் குழந்தையும் நாற்பது வயதுப் பெண்தான்.

இங்கே உதவுவது ஆப் பின்னிங். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். ஒரு செயலியோடு திரையைப் பூட்டிக் கொடுக்கலாம். விடுவிக்கும்போது பின் நம்பர் கேட்கும்படியும் போடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை நொடியில் வெளியே வந்துவிடும். வாட்ஸ்அப்பில் குரூப்பில் சேர்க்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். படம் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள்.

போனிலேயே டிஎன்எஸ் சர்வரின் பெயரை எழுதி வைக்கும் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர் எழுதி வைத்தபின் அந்த சர்வர் எட்டாவிட்டால் போன் வேறு வழிக்குப் போகாது, நெட்டே இல்லை என்று காட்டும். மஞ்சு இறங்கி டவர் மங்கும் சரிவுகளில் வீட்டார் முதலில் கழற்றுவது இதைத்தான். முன்பே சொல்லி வையுங்கள். எந்த டிஎன்எஸ் போட்டாலும் அது தளத்தின் பெயரைத்தான் பார்க்கும், வாட்ஸ்அப் குரூப்புக்குள் வரும் படத்தைப் பார்க்காது.

கொடைக்கானல்

விடுதிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு குழந்தையின் ஆபாசப் படம் குரூப்பில் வந்தால், ‘பாருங்கள், உஷார்’ என்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள், வார்டனுக்கும்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் அனுப்புவதே குற்றம். வைத்திருப்பதும் பார்ப்பதும் எப்போது குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 தீர்ப்பில் விரிவாகவே சொல்லியிருக்கிறது. குரூப் பெயர், அனுப்பிய எண், தேதி, நேரம் இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும்.

பிள்ளையின் சொந்தப் படமே பரவுகிறது என்றால் ‘டேக் இட் டவுன்’ சேவை இருக்கிறது. படம் போனை விட்டுப் போகாது, அதன் எண் அடையாளம் மட்டும் போகும். அந்தச் சேவையில் சேர்ந்த தளங்களில்தான் பலிக்கும். படத்தை வெட்டி மாற்றிப் போட்டால் நழுவிவிடும்.

ஊட்டி

இளைஞர்கள் கோபத்தில், நியாயம் கேட்டு, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்பிள்ளையின் ஊரை எழுதிவிடுகிறார்கள். போக்சோ 23-ஆம் பிரிவு பெயர், படம், பள்ளியோடு அக்கம்பக்கத்தையும் வெளியிடக்கூடாது என்கிறது. இருபது வீடுள்ள ஹட்டியின் பெயரைச் சொல்வது பிள்ளையின் பெயரைச் சொல்வதுதான். ‘நீலகிரி மாவட்டம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, கோரிக்கையை எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் எழுதலாம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. விடுதிச் சாப்பாட்டில் புழு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை பதிவு போட்டால், ‘குழந்தைகள் பாதுகாப்பு’ என்று சொல்லி நீக்கச் சொல்கிறார்கள். அது பாதுகாப்பே அல்ல. இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு பிள்ளைக்கும் கருத்துரிமை தருகிறது. புண்படுத்தும் பதிவு என்று ஆளைப் பிடித்துச் சிறையில் அடைக்க உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. மற்ற பிள்ளைகளின் முகம், சீருடை பேட்ஜ், லொகேஷன் மூன்றையும் மறைத்து, அதே பதிவை அப்படியே மறுபடி போடச் சொல்லுங்கள். தட்டும் புழுவும் தெரியட்டும்.